நெய்தற் கரையும் வேற்று நாட்டு மெட்டும்

நெய்தல் நிலத்துக்கு விளரியாழை உரியதாக வகுத்தனர் நம் முன்னோர். கடற்கரைப் பாட்டின் ஆற்றலை அறிய விரும்புவார் சிலப்பதிகாரத்துக் கானல்வரியைப் பார்த்தல் போதும். புகார்க் கரையில் ஒரு யாழ் கைம்மாறியதும், அதனொடு எழுந்த பாட்டுக்களின் குறிப்பைப் பிறழ உணர்ந்ததுமே கோவலனை மாதவியினின்றும் பிரித்தன. அத்தகைய சோழமண்டலக் கரையிலே பதினாறாம் நூற்றாண்டு தொடங்கி ஐரோப்பிய வணிகர் வந்திறங்கினர். அவர்கள் ஏற்றியதும் இறக்கியதுமான சரக்குகளை வரலாற்று நூலோர் கணக்கிட்டு வைத்துள்ளனர். மெட்டுக்களோ எந்தச் சுங்கச் சாவடியிலும் பதிவு பெறாமலே ஊருக்குள் நுழைந்துவிட்டன.

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் ஊர்களை நடுவாக வைத்துக்கொண்டு, அயலாட்சிக் காலத்தில் வேற்று நாட்டு இசை, அதிலும் பொதுமக்கள் வாயிலும் வீதியிலும் வழங்கிய இசை, எவ்வாறு பரவியது என்பதை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். அந்நிய மெட்டென்றாலே இழிவென்பாரும் உளர். மேனாட்டிலிருந்து வந்ததென்றாலே உயர்வென்பாரும் உளர். இவ்விரு சாராரும் கேளாத வினா ஒன்று உண்டு. அம்மெட்டு வந்தபின் நம் மக்கள் பாடினார்களா, அன்றிக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்களா? நம் ஆராய்ச்சிக்கு இவ்வினாவே அளவுகோலாகும்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. ஏரி எனப்படினும் அது கடல்நீர் புகுந்து கலக்கும் உப்பங்கழியே. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலடங்கும். தென்பகுதியே தமிழ்நாட்டைச் சார்ந்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம் முதலியன அங்குள்ள மீனவர் ஊர்கள். கோட்டையும் மாதாவும் ஊர்ப்பெயர்களில் ஏறியிருத்தலே அக்கரையின் வரலாற்றைப் பாதி கூறிவிடும். ஏரியில் வலையிடும் இடங்களை ஊரார் தமக்குள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடலாம் என்பது அம்முறையால் தீர்மானமாகும். பாடு என்னும் சொல் தமிழில் உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும். ஏவல் வினையாகக் கொண்டாலோ பாடும்படி கட்டளையிடும். மீனவர் வாழ்வில் இம்மூன்றும் பிரியாமல் நின்றன என்று கூறின், அதனை வெறுஞ் சொல்விளையாட்டென்று தள்ளுதல் ஆகாது.

ஏனெனில் மீனவர் பாட்டு தொழிலிற் பிறந்த பாட்டு. கரைவலை இழுக்கையிலும், கட்டுமரத்தை அலைக்குள் தள்ளுகையிலும், தண்டு வலிக்கையிலும் பாடப்படுவதனை அம்பாப் பாட்டு என்று தமிழ்க் கரையிலும் ஈழத்திலும் வழங்குவர். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். ஏனையோர் 'ஏலேலோ' என்றோ 'ஐலசா' என்றோ ஏற்றுப் பாடுவர். அடியெடுப்பவர் பாடும்போது கைகள் இளைப்பாறும்; ஏற்றுப் பாடும்போது கயிறு ஒரு சேர இழுபடும். இருபது பேர் வெவ்வேறு நேரத்தில் இழுத்தால் வலை அசையாது. ஒரே நொடியில் இழுத்தால் வரும். அந்நொடியைக் காட்டுவதே பாட்டின் முதற்பயன். சொற்கள் நாளுக்கு நாள் மாறலாம். காற்றையும் பாடலாம், தெய்வத்தையும் பாடலாம், சோம்பி நிற்பவனை நையாண்டியும் செய்யலாம். இப்பாட்டுக்குக் கேட்போர் என்று தனியே ஒரு சாரார் இல்லை என்பதே நாம் இங்கு மனத்திற் கொள்ளவேண்டுவது. பாடாதவன் வலை இழுக்காதவன்.

இனி, வந்தவர்களைப் பார்ப்போம். போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே பழவேற்காட்டில் தங்கினர்; மகிமை மாதா கோயிலின் தொடக்கம் அவர்கள் காலத்தது. பின்னர் ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் கெல்திரியா என்னும் கோட்டையை நிறுவி, 1690 வரையில் சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதனையே தலைமையிடமாகக் கொண்டனர். அக்காலத்தில் இத்துறையிலிருந்து துணி மூட்டைகள் ஏறியது போலவே மக்களும் ஏற்றப்பட்டனர். பஞ்சத்திலும் போரிலும் நிலைகுலைந்து அடிமைகளாக விற்கப்பட்டோரை ஒல்லாந்தக் கப்பல்கள் சாவகத் தீவிலுள்ள பத்தாவியாவுக்குக் கொண்டு சென்றன. பத்தாவியாவே இன்றைய ஜகார்த்தா நகரம்.

அவ்வாறு சென்றோரின் இசை என்னவாயிற்று? சோழமண்டலக் கரை, மலையாளக் கரை, வங்காளம் ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளாகச் சென்று பின் விடுதலை பெற்ற கிறிஸ்தவ மக்களையும் அவர்தம் வழியினரையும் அந்நகரத்தார் மார்டைக்கர் என்றழைத்தனர். செல்வமும் ஆற்றலும் உடையோன் என்னும் பொருள்படும் வடசொல் ஒன்று மலாய் மொழியிற் சென்று விடுதலையைக் குறிக்கும் 'மெர்டேக்கா' ஆயிற்று. அதன் திரிபே இப்பெயர். ஒன்றுமில்லாதாருக்குச் செல்வர் என்ற பெயர் வாய்த்ததை நினைக்கையில் நகைப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. இவர்களுட் சில குடும்பத்தார் 1661-ஆம் ஆண்டளவில் நகரின் வடகிழக்கே தூகு என்னுமிடத்திற் குடியேறினர். போர்த்துக்கீசியர் வழிவந்த சிறு கித்தார் ஒன்றை மீட்டி அவர்கள் பாடிவந்த பாட்டினின்றும் வளர்ந்ததே கெரோஞ்சோங் என்னும் இசை. 1891-இல் சுரபாயாவில் தொடங்கிய கொமெடி ஸ்தம்பூல் என்னும் நாடகக் குழு அதனை மேடையேற்றியது. பின்னர் இசைத்தட்டும் வானொலியும் தீவெங்கும் பரப்பின. கெசாங் என்பவர் 1940-இல் இயற்றிய 'பெங்கவான் சோலோ' இவ்வகைப் பாட்டே. அது ஜப்பான் வரையிற் சென்று புகழ் பெற்றது. வேற்று நாட்டு இசை நம்மிடம் வந்ததை மட்டும் பேசுவோர், நம் கரையினரும் விலங்கொடு சென்று வேறொரு நாட்டின் இசைக்கு வித்திட்டோருள் அடங்குவர் என்பதை மறந்துவிடுகின்றனர். அவர்கள் எடுத்தது எசமானரின் கருவி. பாடியதோ தம் வாயால்.

இலங்கையிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. போர்த்துக்கீசியர் காலத்தில் வேரூன்றிய கஃப்ரிஞ்ஞா என்னும் ஆட்டப்பாட்டும், ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லாற் பெயர் பெற்ற பைலாவும், ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆண்ட காலங்களைக் கடந்து இன்றும் மணவீடுகளில் ஒலிக்கின்றன. ஆட்சி போயிற்று, ஆட்டம் நின்றது.

பழவேற்காட்டுக்கு மீள்வோம். 1746-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அப்போது அங்கிருந்த ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர் தம் சபையாருடன் ஒல்லாந்தர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தியவராகவும் 1779-இல் தமிழ் அகராதி வெளியிட்டவராகவும் அவரை நாம் அறிவோம். முந்நூறுக்கு மேற்பட்ட ஜெர்மானியக் கீதங்களைத் தமிழில் ஆக்கியவரும் அவரே. இக்கீதங்களை அரண்மனை இசையென்று எண்ணுதல் தவறு. லூத்தர் காலமுதல் அவை குடியானவரும் கம்மியரும் கூடிப் பாடியவை. மெட்டுக்களுட் சில வீதியிலிருந்தே கோயிலுக்குள் சென்றவை. கிறிஸ்துவின் பாடுகளைக் குறித்து உலகெங்கும் பாடப்படும் ஒரு கீதத்தின் மெட்டு, ஹாஸ்லர் என்பார் 1601-இல் வெளியிட்ட காதற்பாட்டொன்றின் மெட்டேயாம். இங்கும் 'பாடு' என்னும் சொல் வந்து நிற்பதை அன்பர் கவனிப்பாராக.

ஆயினும் தமிழ் மாணவராகிய நமக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றும். தமிழ்ச் செய்யுள் குறில் நெடில் என்னும் அளவையை அடிப்படையாக உடையது. ஜெர்மானியச் செய்யுளோ அசையழுத்தத்தை அடிப்படையாக உடையது. முன்னரே அமைந்துவிட்ட மெட்டுக்குச் சொல்லை நிரப்புங்கால், மெட்டு நீளுமிடத்தில் குற்றெழுத்து வந்து விழும். அப்போது 'வரம்' கேட்பவன் காதில் 'வாரம்' ஆகும்; 'மனம்' 'மானம்' ஆகும்; 'பலன்' 'பாலன்' ஆகிவிடும். நம் கீர்த்தனங்களிலும் குறில் நீளுதல் உண்டே எனின், உண்டு. ஆயினும் அங்கே பாட்டும் மெட்டும் ஒருங்கே பிறத்தலால், நீளவேண்டிய இடத்தில் நெடிலை வைத்துக்கொள்ளப் புலவனுக்கு வாய்ப்பு இருக்கிறது. மொழிபெயர்ப்பாளனுக்கு அவ்வாய்ப்பு அரிது. இதனை உணர்ந்தே போலும், சுவார்த்து ஐயரிடம் கற்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) நம் இராகங்களிலும் குறவஞ்சி முதலிய நம் நாட்டு நூல்வகைகளிலும் பாடினார். 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் இத்தகைய தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். பின்னாளில் பாப்ளி ஐயர் நம் இசையை முறையாகக் கற்று, 1921-இல் இந்திய இசை பற்றி ஆங்கில நூலும் எழுதினார்.

கீர்த்தனை வந்தமையால் ஜெர்மானிய மெட்டு ஒழிந்ததா? ஒழியவில்லை. இன்றும் ஒரே ஆராதனையில் பாமாலையும் கீர்த்தனையும் அடுத்தடுத்துப் பாடப்படுகின்றன. சிற்றூர்ச் சபைகளிற் பாமாலையைக் கேட்டோர் ஒன்றை அறிவர். ஐரோப்பியர் நேர்கோடாக எழுதிய சுரங்களை நம் மூதாட்டியர் வளைத்தும் குழைத்தும் பாடுவர். ஆர்கன் வாசிப்பவர் முன்னே ஓடிவிட, சபை தன் நடையிற் பின்னே வரும். இசைப் பயிற்சி பெற்றோர் இதனைப் பிழையென்பர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக வாயிற் கிடந்து தேய்ந்த மெட்டுக்கு அதுவே உரிமைப் பத்திரம்.

பழவேற்காட்டினின்று பொன்னேரி, மீஞ்சூர் வழியாகச் சென்னையை நெருங்குகையில் மணலி என்னும் ஊர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் முதலியார் குடும்பத்தார் ஆதரவில் இராமசுவாமி தீட்சிதர் தம் மக்களொடு அங்கே வாழ்ந்தார். அம்மக்களுள் மூத்தவரே முத்துசுவாமி தீட்சிதர். சென்னைக் கோட்டையிலுள்ள பட்டாளத்துப் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு அச்சகோதரர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பாண்டு வாசித்தவை பெரும் இசைப் புலவரின் படைப்புக்களல்ல. படை நடைக்குரியனவும், ஐரிஷ், ஸ்காத்து நாட்டார் கூத்துக்குரியனவுமான எளிய மெட்டுக்களே மிகுதி. இவற்றைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் அவ்வகையின. அவற்றை நோட்டுஸ்வர சாகித்தியம் என்பர். ஐரோப்பியரின் பெருவழக்கான சுரவரிசை நம் சங்கராபரண மேளத்தை ஒத்தது ஆதலின், இவை அவ்விராகத்தில் அடங்கின. கமகம் இல்லாமற் பாடப்படுவதொன்றே வேற்றுமை. ஆங்கில அரசனை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில் அமைந்தது 'சந்ததம் பாஹிமாம்'. பட்டாளத்தார் எழுந்து நின்று மன்னனைப் போற்றிய மெட்டில் மணலியிலே சியாமளா தேவி போற்றப்பட்டாள்! 'சியாமளே மீனாட்சி' என்பதோ பிரெஞ்சு நாட்டில் வழங்கிய ஒரு சிறு பாட்டின் மெட்டு. ஆங்கிலக் குழந்தைகள் விண்மீனைப் பாடுவதும் அம்மெட்டிலேதான்.

தம்பியர் பாலுசுவாமி தீட்சிதர் பிடில் கற்றார். அதன் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிடிலின்றி இன்று கச்சேரி இல்லை. அதனை அந்நிய வாத்தியம் என்று யாரும் நினைப்பதுமில்லை. முகவாய்க்கும் தோளுக்கும் இடையே நின்றுகொண்டு வாசித்த கருவியை நம்மவர் தரையில் அமர்ந்து, மார்புக்கும் காலுக்கும் இடையே சாய்த்து, கை வழுக்கிச் செல்ல வழி செய்துகொண்டனர்.

ஹார்மோனியத்தின் கதை இவ்வளவு இனிதன்று. பாரிஸ் நகரில் டெபேன் 1842-இல் உரிமை பெற்ற இக்கருவி மிஷன் கோயில்களில் ஆர்கனுக்கு மாற்றாக வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதனைக் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக்கிய பின், நாடகக் கொட்டகையும் பஜனை மடமும் அதனைத் தழுவிக்கொண்டன. பார்சி நாடக மெட்டுக்களும், ஆங்கில நோட்டுக்களும் இப்பெட்டியின்மேல் ஏறியே ஊரூராகச் சென்றன. விட்ட சுரத்தினின்று தொட்ட சுரத்துக்குக் குழைந்து செல்ல அதற்கு இயலாது என்பது உண்மையே. அக்குறை பற்றி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்தது. வேடிக்கை யாதெனில், இந்திய இசையைக் காக்கவேண்டி அதனை எதிர்த்து எழுதியோருள் ஜான் பௌல்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இசைஞர் ஒருவர். விலக்கு நீடித்த முப்பது ஆண்டுகளிலும் வீதியில் அதன் ஒலி குறையவில்லை. நம் கருத்தில், பாடுவோருக்குச் சுருதி கூட்டித் துணை நின்றவரையில் அக்கருவி நன்மையே செய்தது.

இதுகாறும் கூறிய யாவற்றிலும் மெட்டு மட்டுமே அந்நியம், பாடியவர் நம்மவர். 1902-ஆம் ஆண்டில் வந்ததோ வேறு வகை. கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் அவ்வாண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். பதிந்த ஒலியைக் கப்பலேற்றி ஜெர்மனியிலுள்ள ஹனோவரில் தட்டாக அச்சடித்து மீண்டும் இங்கே கொணர்ந்து விற்றனர். 1908-இலேயே கல்கத்தாவில் ஆலை எழுந்தது. தட்டுச் செய்ய உதவிய அரக்கு பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளினின்று சென்றது. பருத்தியை அனுப்பித் துணியை வாங்கியது போல, அரக்கை அனுப்பிப் பாட்டை வாங்கினோம். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும் ஆதலால், இராகத்தை ஒரு மணி நேரம் விரித்தவர் அதனை அரை நிமிடத்திற் சுருக்க நேர்ந்தது. 1931-இல் 'காளிதாஸ்' தமிழிற் பேசி, பாடி வெளிவந்தது. 1938 ஜூன் 16-இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கியது. தட்டும் படமும் வானொலியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. வால்ட்ஸ், டாங்கோ முதலிய மேனாட்டு ஆட்ட இசையின் சாயல் திரைப்பாட்டின் வழியே, ஐரோப்பியரைக் கண்டறியாத குப்பங்களையும் எட்டிற்று.

இவற்றால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. கோயிலுக்குள்ளும் சபைக்குள்ளும் விடப்படாத மக்கள் பெரும் வித்துவான்களின் பாட்டைத் தட்டின் வழியே முதன்முதல் கேட்டனர். தட்டு எவருடைய சாதியையும் வினவவில்லை. இது சிறு செய்தியன்று. ஆயினும் கோட்டைப் பாண்டைக் கேட்ட தீட்சிதர் தம் சொல்லை அதில் வைத்தார். தூகுவின் மக்கள் தம் துயரை அதில் வைத்தனர். தட்டில் எவரும் எதனையும் வைக்க இயலாது. ஊசியை வைக்கலாம், அவ்வளவே.

இனி ஏரிக்கரையை நோக்குவோம். அம்பாப் பாட்டை எந்த மேனாட்டு மெட்டும் வெல்லவில்லை. வால்ட்ஸ் நடையில் வலை இழுத்தல் இயலாது. அதனை ஓயச் செய்தது இயந்திரம். கட்டுமரத்தின் இடத்தில் கண்ணாடியிழைப் படகும், தண்டின் இடத்தில் மோட்டாரும் வந்தன. மோட்டாரின் முழக்கத்தில் அடியெடுத்துக் கொடுப்பவர் குரல் கேளாது. அடியெடுக்க வேண்டிய தேவையுமில்லை. உழைப்பு குறைந்தமைக்காக மீனவர் மகிழ்வர். கயிற்றில் கை தேயாத நாம் அதற்கு வருந்துதல் தகாது. ஆயினும் வேலை மாறியபோது ஓய்ந்த வாய்க்கு, ஒலிபெருக்கி முன்னரே பாட்டைக் கொடுத்துவிட்டிருந்தது.

கரைவலை இழுத்த முதியோர் குப்பங்களில் இன்னும் உளர். தமிழ் பயிலும் மாணவர் இருவர் மூவராகச் சென்று எழுதிக்கொள்ளத் தக்கது அவர்களிடம் மிகுதி. சொற்களை மட்டும் எழுதினாற் போதாது. எந்த அடியில் கயிறு இழுபட்டது, எந்த இடத்தில் மூச்சு விடப்பட்டது, வலை கனத்தபோது நடை எவ்வாறு மாறியது, மீனில்லாத நாளில் எதனைப் பாடினர் என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். கையில் ஒலிப்பதிவுக் கருவி இருப்பினும், முதியவரைத் தனியே அமர்த்திப் பாடச் சொல்லாமல், நாலு பேர் கயிறு பிடித்து நிற்க, அவரை அடியெடுக்கச் செய்து பதிதல் நன்று.